அந்த வரியில் இருக்கும் பெயர்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. நான்கு பக்க அலுவலக அறிக்கையாகத் தொடங்கியது. போன ஆண்டு ஆடியில் எங்கள் முதலாளி நஞ்சப்பன் கூப்பிட்டு, "மாதவராஜ், பத்து வருசமா மெர்க்குரியல்லயே இருக்கறோம். கிட்டுக்கு மாறலாமா வேண்டாமா? ரெண்டையும் வெச்சுப் பார்த்து எழுதிக் குடு" என்றார். இரண்டும் மென்பொருள் எழுதுகிறவர்களின் கருவிகள். எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. அதை முடிக்க முடியாததால் இதை எழுதுகிறேன்.

தருமபுரியில் பென்னாகரம் ரோட்டில், மோட்டார் பம்புக் கடை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதிப்பவர்கள், ஃபுளோரைடு அளவைக் கைபேசியில் பதிவார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்று எங்கள் மென்பொருள் சொல்லும். பச்சை என்றால் குடிக்கலாம். சிவப்பு என்றால் கூடாது. ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரால் பழுப்பேறிய பற்களோடு வளர்ந்தவர்களுக்கு இது ஏன் வேண்டும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

2

(கணினித் தொழிலில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். கடைசிப் பத்தியை மட்டும் தாண்ட வேண்டாம்.)

மெர்க்குரியல், கிட் இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். பல பேர் சேர்ந்து ஒரு மென்பொருளை எழுதும்போது, எந்த வரியை யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்று குறித்துக்கொண்டே வரும். அந்த வரலாறு ஒரே இடத்தில் பூட்டிக் கிடக்காது. குழுவில் ஒவ்வொருவர் கணினியிலும் முழுப் பிரதி இருக்கும். நெட் போனாலும் வேலை நடக்கும்.

மெர்க்குரியலின் கட்டளைகள் எளியவை, புதியவர் இரண்டு நாளில் பழகிவிடுவார் என்று எழுதினேன். கிட் முதலில் குழப்பும், ஆனால் வேலை கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் அதுதான் தெரிந்திருக்கிறது என்று எழுதினேன். பழைய வரலாற்றைத் திருத்தி எழுதுவது கிட்டில் எளிது, மெர்க்குரியல் அதற்கு லேசில் வழிவிடாது என்றும் எழுதினேன். பிறகு:

"இரண்டிலுமே, ஒரு வரியை எழுதியவர் என்று பதிவாகும் பெயர்—"

அங்கேதான் நின்றது. முடித்திருக்க வேண்டிய விதம் இது: நாங்கள் பயன்படுத்திய முறையில், இரண்டிலுமே அந்தக் கணினியில் யார் பெயர் கொடுக்கப்பட்டிருக்கிறதோ அதுதான் விழும். தட்டிய விரல் யாருடையது என்று இரண்டுக்குமே தெரியாது.

3

"லூர்துமேரி அமைதியான பெண். யாரிடமும் அதிர்ந்து—"

இல்லை. இது முதல் வரைவு. என்னோடு மென்பொருள் எழுதிய லூர்துமேரி சத்தமாகச் சிரிப்பார். நஞ்சப்பனிடமே, "அது தப்புங்க சார், நான் காட்டட்டா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். அவரை அமைதியானவராக எழுத என் கை ஏன் போனது என்று யோசித்தேன். வாயில்லாத பெண் என்றால் என் பங்கு சிறியதாகத் தெரியும். அதனால்தான்.

2023 பிப்ரவரி. என் மடிக்கணினி பழுதுபார்க்கப் போயிருந்தது. நஞ்சப்பன் அவசரமாக ஒரு மாற்றம் கேட்டார். அச்சாகும் சீட்டு குறுகலாக இருப்பதால் எண்கள் மடங்கி விழுகின்றன, சரிசெய்ய வேண்டும் என்றார்.

லூர்துமேரி சாப்பாட்டு டப்பாவோடு எழுந்தார். "நான் வர்ற வரைக்கும் என்னுதுல பண்ணிக்கோங்கண்ணா."

சீட்டில் இடம் மிச்சமாகட்டும் என்று தசமத்தை வெட்டினேன். அதைச் செய்த இடம் தப்பு. அளவு வரம்பைத் தாண்டியதா என்று பார்ப்பதற்கு முன்பே எண் வெட்டுப்பட்டது. வரம்பு 1.5. ஒரு கிணற்றில் 1.9 இருந்தால் அது 1 ஆகி, பச்சை விழுந்தது. இரண்டும் அதற்கு மேலும் இருந்த கிணறுகள் சிவப்பாகவே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பத்தொன்பது நாள் கழித்து, காரிமங்கலம் பக்கம் நீர் சோதிக்கும் பாஞ்சாலி போன் செய்தார். "இஸ்கூல் போர்ல ஒண்ணு புள்ளி ஒம்போதுன்னு போட்டேனுங்க. பச்சை காட்டுது. புள்ளைங்க அதத்தான் குடிச்சிக்கிட்டு இருக்குதுங்க."

(பத்தொன்பது நாளில் ஒன்றும் ஆகியிருக்காது என்று மருத்துவர் ஒருவர் பிறகு சொன்னார். அதை இங்கே சேர்ப்பது உங்களுக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.)

அன்றே பிழையைச் சரிசெய்தோம். பிறகு நஞ்சப்பன் வரலாற்றைத் திறந்தார். அந்த வரியில் இருந்தது லூர்துமேரி பெயர்.

"ஏம்மா, இது நீ எழுதுனதா?"

"நான் எழுதலைங்க சார்."

"பேரு உன்னுதுதானே இருக்குது?"

லூர்துமேரி என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

அவர் நஞ்சப்பன் பக்கம் திரும்பினார். பிறகு, "ஆமாங்க. பேரு என்னுதுதான்" என்றார்.

நஞ்சப்பன் அவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தார். இனி லூர்துமேரி எழுதும் ஒவ்வொரு வரியையும் மாதவராஜ் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும் என்றார். ஒன்பது நாள் அவர் எழுதியதை நான் சரிபார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை. பத்தாம் நாள் அவர் வரவில்லை.

[படியில் அவர் அழுதபடி இறங்குவதாக ஒரு பத்தி இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. எடுத்துவிட்டேன்.]

4

அறிக்கைக்காக எங்கள் வரலாறு முழுவதையும் ஒரு சோதனைப் பிரதியில் கிட்டுக்கு மாற்றிப் பார்த்தேன். அந்த வரி வந்தது. ஒரு கட்டளை போட்டு எழுதியவர் பெயரை மாற்றினேன். எப்போதும் என் பெயரே அங்கு இருந்ததுபோல் இருந்தது. சனிக்கிழமை மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கம்பைநல்லூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் லூர்துமேரி பாடம் எடுக்கிறார்.

திரையைக் காட்டினேன். பார்த்தார்.

"சுத்தமா பண்ணியிருக்கீங்க சார்." 'அண்ணா' போய் 'சார்' வந்திருந்தது. "யாருக்கும் தெரியாம எம்பேரு வந்துச்சு. இப்ப யாருக்கும் தெரியாம போவுது. நடுவுல நான் வேலைய வுட்டுட்டு வூட்ல உக்காந்திருந்தது எந்த வரியில இருக்குது?"

"எழுதினது நான்தான்னு அன்னிக்கு நீங்களே ஏன் சொல்லல?"

"நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? நான் எதுக்குச் சொல்லணும்?"

வகுப்பில் யாரோ கூப்பிட்டார்கள். அவர் எழுந்தார்.

"பழச அப்புடியே வுடுங்க. அது மேல புதுசா ஒரு மாத்தம் போடுங்க, உங்க பேர்ல. என்ன நடந்துச்சுன்னு அதுல எழுதுங்க. அன்னிக்கு யார் யார் இருந்தாங்களோ, அவங்க முன்னாடி படிங்க."

5

திங்கட்கிழமை, சோதனைப் பிரதியை அழித்தேன். 1.9 என்று கொடுத்தால் சிவப்பு வருகிறதா என்று பார்க்கும் ஒரு சிறு சோதனையை மென்பொருளில் சேர்த்து, அதற்கான குறிப்பில் எழுதினேன்: "2023 பிப்ரவரியில் லூர்துமேரி பெயரில் இருக்கும் மாற்றத்தை எழுதியவன் நான், மாதவராஜ். கேட்டபோது பேசாமல் இருந்தவனும் நான்."

எல்லாரையும் கூப்பிட்டு எழுந்து நின்று படித்தேன். இரண்டாவது வாக்கியத்தை வேகமாகப் படித்துவிட்டேன். மறுபடி படித்தேன்.

நஞ்சப்பன், "அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசுனதெல்லாம்…" என்று நிறுத்தினார். பிறகு எல்லார் முன்னாலும் அவரே ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"தப்பு எங்களுதும்மா. மன்னிச்சுக்கோ. திரும்ப வர்றியா?"

மறுமுனையில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. "யோசிச்சுச் சொல்றேனுங்க."

கிட்டுக்கு மாறினோம். வரலாற்றைத் திருத்தாமல் அப்படியே கொண்டுவந்தோம். இப்போது எல்லாரும் அவரவர் கணினியில்தான் எழுதுகிறோம். நான் எழுதுவதை இன்னொருவர் பார்த்த பிறகே சேர்க்கிறார்கள்.

6

முடிவுக்கு இரண்டு வரைவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் லூர்துமேரி மாடிப்படி ஏறி வந்து தன் பழைய இடத்தில் உட்காருகிறார். இன்னொன்றில், "வேண்டாங்க" என்று போனை வைத்துவிடுகிறார். இரண்டையும் படித்துப் பார்த்தேன். முதலாவதில் என் மனம் ஆறுகிறது. இரண்டாவதில் எனக்குத் தண்டனை கிடைக்கிறது. இரண்டுமே என்னைப் பற்றியவை.

கதையை அவருக்கு அனுப்பினேன். தான் பேசியதில் ஒரு வாக்கியத்தை நீக்கச் சொன்னார், நீக்கிவிட்டேன். நஞ்சப்பனுக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அதை உங்களுக்கும் சொல்லலாமா என்று அவரைக் கேட்டேன்.

"அத எழுதாதீங்க சார்," என்றார். "அது என்னுது."