முத்திரை விழாத அட்டைகள்

நெவிலுக்கு இனி என் கையால் ஒரு வாய் டீ கிடையாது. ஆஸ்திரேலியத் துறைமுக ஊரான வல்லரூவில் எங்கள் தபால்தலைச் சங்கம் கூடும்போதெல்லாம் கெட்டில் என் பொறுப்பு. யாருக்கு ஊற்றுவது என்பதும் என் இஷ்டம்தான்.

போன வருடக் கண்காட்சியில் பரிசுக் கோப்பையை க்ளைவ் தட்டிக்கொண்டு போனான். அன்றிலிருந்தே நெவிலுக்கு வயிற்றெரிச்சல். இந்த வருடம் அவனே நடுவர். கேட்க வேண்டுமா?

க்ளைவின் மனைவி மெர்லுக்குத் தபால்தலை பற்றி ஒன்றும் தெரியாது. அவளிடம் இருந்தவை மகள் ஜென்னா போலந்திலிருந்து போட்ட தபால் அட்டைகள் மட்டும். கோதுமை ஏற்ற வந்த கப்பலில் வேலை பார்த்த போலந்துக்காரன் ஒருவனோடு, அம்மாவிடம் பெரிய சண்டை போட்டுவிட்டுப் போனவள் ஜென்னா. மெர்ல் சோற்றைத் தொடாமல் துரும்பாகிப் போனாள். அப்புறம்தான் அட்டைகள் வர ஆரம்பித்தன. 'நலம், அம்மாவை நினைத்துக்கொள்கிறேன்' என்று எல்லாம் அச்சடித்தது போல் பெரிய எழுத்தில் இருக்கும். "அந்த ஊர்ல இப்படித்தான் எழுதணுமாம், க்ளைவ் சொன்னான்" என்று எல்லோரிடமும் காட்டுவாள். உடம்பும் தேறியது.

இந்த வருடம் அவற்றைக் கண்காட்சியில் வைத்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"வேண்டாம் மெர்ல், நக்கல் பண்ணுவாங்க" என்று க்ளைவ் எவ்வளவோ தடுத்துப் பார்த்தான்.

"என் பொண்ணு எழுதினதைப் பார்த்து எவன் சிரிப்பான், நானும் பார்க்கறேன்" என்றாள். எழுத்துப் பக்கம் தெரியும்படி பலகையில் செருகி வைத்தாள்.

நெவில் பூதக்கண்ணாடியோடு வந்தான். அட்டைகளைப் பார்த்தான், க்ளைவைப் பார்த்தான், சிரித்தான். க்ளைவின் முகத்தில் ஈயாடவில்லை.

"மெர்ல், கொஞ்சம் இங்க வாம்மா" என்றான் நெவில், வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற குரலில். "தபால்ல வர்ற அட்டைன்னா முத்திரை பாதி ஸ்டாம்பு மேல, பாதி அட்டை மேல விழும். இதுல பாரு, ஸ்டாம்பு ஓரத்தோட நின்னுடுச்சு. ஒண்ணுலகூட அட்டையில மை இல்ல."

"அப்படின்னா?"

"சேகரிக்கறவங்களுக்குன்னு அந்த நாட்டுலயே வெறும் ஸ்டாம்புல முத்திரை குத்தி, பாக்கெட் போட்டு விக்கிறாங்க. அதை வாங்கி ஒட்டியிருக்கு. போலந்து பாக்கெட்டை க்ளைவ் என்கிட்டதான் வாங்கினான். என்னடா க்ளைவ், நான் சொல்றது சரிதானே?"

"நெவில், வாயை மூடு!" என்று கத்தினேன். கத்தி என்ன பிரயோஜனம்? ஹாலே திரும்பிப் பார்த்தது.

மெர்ல் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீயா? நீயே எழுதி நம்ம வீட்டுத் தபால் பெட்டியில போட்டியா?"

"நீ சாப்பிடாம கிடந்தே மெர்ல். எனக்கு வேற வழி தெரியல."

"அவ ஒண்ணுகூடப் போடலையா?"

இல்லை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். பாவி மனுஷன், அன்றைக்குப் பார்த்து உண்மையைச் சொன்னான்.

"போன புதுசுல ஒண்ணு போட்டா. 'நீ எனக்கு அம்மாவே இல்ல, என்னைத் தேடாதே'ன்னு எழுதியிருந்தா. உன் கண்ணுல படக் கூடாதுன்னு அடுப்புல போட்டுட்டேன்."

நெவில் அதற்குள் அடுத்த பலகைக்குப் போய்விட்டான். மெர்ல் அவனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அட்டைகளை ஒவ்வொன்றாக உருவி க்ளைவின் கையில் திணித்தாள்.

"திட்டினா என்ன?" என்றாள். "அது அவ கையெழுத்துடா. அதை எரிச்சுட்டு, தினமும் உன் எழுத்துக்கா என்னை முத்தம் கொடுக்க வெச்சே?"