கடிதம் வராவிட்டால் குடிக்கலாம்

என் கோபத்தைப் பற்றி ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். மூக்கு நுனியில் அல்ல, அதற்கும் ஓர் அங்குலம் முன்னால் இருக்கும். அன்று காலை பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தபோது நான் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் வைத்திருப்பவனுக்குச் சொட்டுக் கணக்கு தவறினால் அரை மணி நேர வேலை பாழ்.

"சார், தண்ணி குடுத்துட்டுப் போனோமே, ஒண்ணும் எழுதவே இல்லையே..." என்று ஒரு பெண் குரல் இழுத்தது.

"ஒண்ணும் எழுதலைன்னா தண்ணி நல்லாருக்குன்னு அர்த்தம்! எத்தனை தடவை சொல்றது? தாராளமா குடிங்க!" என்று கத்திவிட்டு வைத்தேன். சொட்டுக் கணக்கும் போயிருந்தது.

அதுதான் எங்கள் கூடத்து வழக்கம். நானே கண்டுபிடித்தது, அதில் எனக்குப் பெருமை வேறு. தண்ணீரில் கோளாறு இருந்தால் மூன்று நாளுக்குள் மின்னஞ்சல் போடுவேன். போடாவிட்டால் குடிக்கலாம். நல்ல தண்ணீருக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் வேலை எப்போது பார்ப்பது?

எதிர் மேசையிலிருந்து என் மனைவி தலையைத் தூக்கினாள். "யாரு அது?"

"யாரோ ஒரு அம்மா."

"யாருன்னு கேக்காமலேயே குடிங்கன்னு சொன்னீங்களா?"

அவள் பதிவேட்டைப் புரட்டினாள். இந்த மாதம் கோளாறு என்று எழுதிய தண்ணீர் நான்குதான். மூன்று வீடுகள், ஒரு மழலையர் பள்ளி. பள்ளியின் புது ஆழ்துளைக் கிணற்றில் ஈயம், இருக்கலாம் என்ற அளவைப் போல ஆறு மடங்கு. சின்னக் குழந்தைகளுக்கு அது விஷம்.

"இந்த நாலு பேருக்கும் மெயில் போட்டீங்களா?"

"போட்டாச்சு. பதினெட்டு நாள் ஆச்சு. அனுப்புனதுல இருக்கு பாரு."

"ஒருத்தராவது பதறிப்போய் பதில் போட்டாங்களா? விஷம்னு எழுதினா நாலு பேரும் சும்மாவா இருப்பாங்க?"

அவள் உடனே தன் தம்பியைக் கூப்பிட்டாள். எங்கள் கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவன் பொறுப்பு. எதையும் நிதானமாகத்தான் செய்வான், அதனால் அவனுக்கு நான் வைத்த பெயர் 'அவசரம்'. அன்று அந்த அவசரம் உள் அறையிலிருந்து ஓடியே வந்தான். அனுப்பிய கடிதங்களைப் பார்த்தான், வந்த கடிதங்களைப் பார்த்தான், கடைசியில் குப்பைப் பெட்டியைத் திறந்தான். உள்ளே பதினொரு கடிதங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாம் இங்கிலீஷில், எண்களும் புள்ளிகளுமாக.

"மாமா, போன மெயில் திரும்பி வந்திருக்கு. இந்த நாலும், நாம அனுப்பின ஏழு பில்லும். சேர்க்க முடியலைன்னு அவங்க சர்வர் அன்னன்னிக்கே சொல்லியிருக்கு."

"அது ஏன்டா குப்பைக்குப் போச்சு?"

அவன் தயங்கினான். "போன தடவை ஒரு மோசடி மெயில் வந்தப்ப நீங்கதானே கத்தினீங்க? தெரியாத இடத்துலேருந்து இங்கிலீஷ்ல வர்ற எந்தச் சனியனும் என் கண்ணுல படக்கூடாதுன்னு. அதான் நேரா குப்பைக்குப் போற மாதிரி செஞ்சு வெச்சேன்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். கெட்ட சேதியை மட்டும் அனுப்புகிறவன் நான். அந்தச் சேதி போய்ச் சேரவில்லை என்ற சேதியையும் குப்பையில் போட வைத்தவன் நானே.

"சரி, ஏன் திரும்புச்சு?"

அவன் ஒரு கடிதத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான். போன மாதம் பழைய மெயில் பெட்டி நிறைந்துவிட்டதென்று வேறு கம்பெனிக்கு மாறியிருந்தோம். எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப யாருக்கு அனுமதி என்று ஒரு பட்டியல் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்குமாம். அதில் பழைய கம்பெனியின் பெயர்தான் இன்னும் இருந்தது. கண்டிப்பான சர்வர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, 'இது யாரோ திருட்டுப்பயல்' என்று எங்களை வாசலோடு துரத்தியிருக்கின்றன. கண்டிப்பில்லாதவை வாங்கிக்கொண்டன. அதனால்தான் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

"பட்டியல்ல புதுப் பேரைச் சேத்துடறேன் மாமா. ஆனா அது எல்லா இடத்துக்கும் போய்ச் சேர நேரமாகும். நீங்க மெயிலை நம்பாதீங்க, போனைப் போடுங்க."

மனைவி ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு வீட்டிலும் வடிகட்டி வைத்துத்தான் குடிக்கிறார்களாம். மூன்றாவது வீட்டுக்காரர் இன்னும் குடி வரவேயில்லை. எனக்குப் பாதி உயிர் வந்தது. பள்ளியின் எண் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. காலையில் பேசிய குரல் யாருடையது என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர்ப் புட்டியைக் கையில் கொண்டுவந்து கொடுத்த சமையல்கார அம்மாவின் குரல்.

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி வழக்கமாக 'மெதுவா, மெதுவா' என்பாள். அன்று வாயே திறக்கவில்லை. நாற்பது குழந்தைகள், பதினெட்டு நாள் என்று வழியெல்லாம் பெருக்கிக்கொண்டே போனேன்.

பள்ளியின் பின்கட்டில் அந்த அம்மா நின்றிருந்தார். சுவரோரம் இரண்டு பெரிய கேன்கள். நான் மூச்சு வாங்கிக்கொண்டே, "குழந்தைங்க... புதுக் கிணத்துத் தண்ணி... குடிச்சாங்களா?" என்றேன்.

"இல்லைங்களே. இன்னும் திறக்கலை."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் வெளுத்துப்போனது.

"நீங்க சொன்னதைப் பெரியம்மாகிட்ட, அதான் எங்க தலைமை டீச்சர்கிட்ட, அப்படியே சொன்னேன். நாலாம் நாளே, கடிதம் வரலை, திறந்துடுன்னாங்க. எனக்கு மனசு ஒப்பலைங்க. டாக்டர் வாயைத் திறக்கலைன்னா நோய் இல்லைன்னா அர்த்தம்? வால்வு சாவியை இடுப்புல சொருகிக்கிட்டேன். அடுத்த தெரு ரொட்டிக்கடைக் குழாயிலேருந்து தினம் நாலு நடை தூக்கிட்டு வர்றேன். பைத்தியம்னு கூடத் திட்டினாங்க."

"அம்மா, உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்..." நாற்பது வயதுக்கு மேல் நான் அழுது யாரும் பார்த்ததில்லை. அந்த அம்மா பார்த்தார்.

"எனக்கு எதுக்குங்க நன்றி? நானும் இன்னிக்குத் திறக்கத்தான் இருந்தேன். தோள் விட்டுப்போச்சு. கடைசியா ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு காலையில போன் போட்டேன். யாரோ ஒருத்தர், தாராளமா குடிங்கன்னு கத்திட்டு வெச்சுட்டாரு. சரி, வாயாலேயே சொல்லிட்டாங்களேன்னு சாவியை எடுத்துட்டு வால்வுகிட்ட வந்துட்டேன். அதுக்குள்ள ஒரு வாலு ஓடிவந்து விழுந்து முட்டியைப் பேத்துக்கிச்சு. கழுவி மருந்து போட்டுட்டு வந்து நிக்கிறேன், நீங்க வர்றீங்க."

என் மனைவி என்னைப் பார்த்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்பார்கள், அந்த அடியையும் ஒரு குழந்தையின் முட்டிதான் வாங்கிக்கொண்டது.

"கத்தினது நான்தாம்மா," என்றேன். "மன்னிச்சுடுங்க."

அவர் சாவியை என் மனைவியின் கையில் வைத்து விரல்களை மூடினார். அவள் நேராகத் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய், ஈயக் கணக்கை இரண்டு முறை உரக்கப் படித்துக்காட்டினாள். இந்த அம்மா மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் விடாமல் சொன்னாளாம். நல்ல தண்ணீரானாலும் கெட்ட தண்ணீரானாலும் இனி ஒவ்வொருவருக்கும் நாங்களே கூப்பிட்டுச் சொல்வோம் என்று என்னைக் கேட்காமலேயே வாக்கும் கொடுத்துவிட்டாள்.

நான் பின்கட்டிலேயே இருந்தேன். கதவோரம் முட்டியில் கட்டோடு ஒரு சின்னப் பெண் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் அவள் முன்னால் குந்தினேன்.

"ரொம்ப வலிக்குதா கண்ணு?"

"வலிக்கலை," என்றாள். "தாகமா இருக்கு."

ரொட்டிக்கடைத் தண்ணீர் இருந்த கேனை நானே தூக்கிச் சாய்த்தேன். பாதி கீழே போனது. அவள் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று நீட்டினாள்.