நிலக்கடலை சேராதது

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஜெபசுதாவுக்கு ஒரு சின்ன உணவுக் கம்பெனி இருந்தது. புட்டு மாவு, ஊறுகாய், பொடி வகைகளைப் பாக்கெட் போட்டு வளைகுடாவுக்கு அனுப்புவாள். அதில் எள்ளுப் பொடிக்குத்தான் நல்ல பேர். உறையின் முகப்பிலேயே ‘நிலக்கடலை சேராதது’ என்று பச்சை எழுத்தில் போட்டிருக்கும்.

போன மாதம் எள் வரத்து குறைந்துவிட்டது. கப்பலில் சரக்கு ஏற்றும் நாளோ நெருங்கிவிட்டது. வறுத்த நிலக்கடலையைக் கொஞ்சம் சேர்த்து அரைக்கச் சொன்னாள் ஜெபசுதா. உறையை மாற்ற இனி நேரமில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்தச் சரக்கு தோஹாவில் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்த சமயம், காயல்பட்டினத்திலிருந்து ராஹிலா என்ற பெண் தன் மகள் இஃப்ராவோடு கம்பெனிக்கு வந்தாள். தோஹாவில் குடியிருப்பவள், லீவுக்கு ஊருக்கு வந்திருந்தாள்.

“பாக்கெட்டுல இருந்த அட்ரஸைப் பாத்து வந்தோம்க்கா. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு ரொம்ப நாளா நெனப்பு. இவளுக்குக் கடலை ஆகாது. வாயில பட்டாலே தொண்டை அடைச்சிரும். ஒரு தடவை ஆஸ்பத்திரியில ஊசி போட்டுத்தான் மூச்சு வந்துச்சு. உங்க பொடிய மட்டுந்தான் பயப்படாமக் குடுக்குதேன்.”

ஜெபசுதா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்களை உட்காரச் சொன்னாள். அதற்குள், அங்கே வேலை பார்க்கும் தங்கத்தாய், யார் வந்தாலும் வைப்பதுபோல இட்லியும் எள்ளுப் பொடியும் கொண்டுவந்து வைத்துவிட்டாள். இஃப்ரா ஒரு துண்டைப் பிட்டுப் பொடியில் தொட்டாள். பிறகு கையை நிறுத்தி, “ஆன்ட்டி, இதுல கடலை இல்லல்லா?” என்று கேட்டாள்.

“நம்ம பொடிதான், தின்னு” என்றாள் ராஹிலா.

ஜெபசுதா எட்டிப் பிள்ளையின் கையைப் பிடித்தாள். இட்லித் துண்டு தரையில் விழுந்தது.

“அது பழைய பொடி. வண்டு விழுந்திருக்கும்.”

ராஹிலா சிரித்தாள். “இப்படிப் பாத்துப் பாத்துச் செய்யப்போய்த்தான் நம்பி வாங்குதோம்.”

அதைக் கேட்டபின் ஜெபசுதாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “வண்டு இல்லம்மா. கடலை கலந்திருக்கு. நான்தான் கலக்கச் சொன்னேன். தோஹாவுக்குப் போன சரக்குலயும் இருக்கு.”

ராஹிலா மகளை அருகில் இழுத்தாள். மகளின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். ஈரத் தாளால் விரல் விரலாகத் துடைத்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு, தோஹாவில் இருக்கும் தன் மதினியிடம் பேச வாசலுக்குப் போனாள்.

“ஏன் ஆன்ட்டி போட்டீங்க?” என்று இஃப்ரா கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஜெபசுதா தன் போனை எடுத்தாள்.

அவர்கள் போவதற்குள்ளாகவே தோஹாவில் சரக்கு எடுக்கும் பாண்டியராஜைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“வெளிய தெரிஞ்சா பேர் கெட்டுரும்க்கா. நைஸா மேல ஸ்டிக்கர் ஒட்டிருவோம்” என்றார் அவர்.

“வித்துப்போனதுல எப்படி ஒட்டுவீங்க? கடைக்குக் கடை போர்டு வைங்க. என் கம்பெனி பேரையும் போடுங்க.”

கடைகளிலிருந்து பொடியை எடுத்தார்கள். வாங்கிப்போனவர்கள் பலர் திருப்பிக் கொடுத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆனதாகத் தகவல் வரவில்லை. பாண்டியராஜ் அதோடு சரக்கு எடுப்பதை நிறுத்திவிட்டார். ராஹிலாவுக்கு ஜெபசுதா அனுப்பிய செய்திக்குப் பதிலே இல்லை.

வேலைக்காரர்களைக் கூட்டி நடந்ததை ஜெபசுதாவே சொன்னாள். மற்றவர்கள் கலைந்தபின் தங்கத்தாய் மட்டும் நின்றாள்.

“அந்தப் புள்ளைக்கு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும். நான் பிளேட்டக் கொண்டு வைக்கும்போது பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க. வைக்காதன்னு ஒரு வார்த்தை சொல்லலியேக்கா.”