இரண்டு நாக்குப்பூச்சிகள்

ரெஜினாவுக்கு பி.எஸ்சி. விலங்கியலில் பாக்கி இருந்தது ஒரே ஒரு தாள், முதலாமாண்டு பிராக்டிகல். இந்தத் தடவையும் போனால் பி.எட். சேர முடியாது. வீட்டில் கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளை போட்டோகூட வந்து அலமாரியில் இருக்கிறது.

போன தடவை எங்கே தவறியது என்பதுதான் அவளுக்குப் புரியவே இல்லை. ஸ்பாட்டர் மேசையில் பாட்டிலைப் பார்த்து உயிரியின் பெயரை எழுதினாள், காரணங்கள் எழுதினாள், படம் போட்டாள். அந்தப் பாட்டிலை வைத்தே வாய்மொழிக் கேள்வியும் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஆனாலும் ஃபெயில்.

கூடப் படித்த தமிழ்நிலா பக்கத்துக் குவார்ட்டர்ஸ்தான். தாள் எல்லாம் முடித்துவிட்டு சும்மா இருந்தவள், லேபில் எடுத்த பாட்டில் போட்டோக்களோடு வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகக் காட்டினாள். நட்சத்திர மீன், அட்டை, நத்தை எல்லாம் சரியாக வந்தது.

"இது?"

"மண்புழு."

"நல்லா பாருடி."

"பாத்துட்டேன். நாக்குப்பூச்சி தானே."

தமிழ்நிலா போனைக் கீழே வைத்தாள். "அது என்ன நாக்குப்பூச்சி? எங்க வீட்ல அப்படி ஒரு பேரே கிடையாது." அவள் அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மைன்ஸ் வேலைக்கு வந்தவர். ரெஜினாவின் அம்மா லூசியம்மாளுக்குச் சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம்.

"அம்மா, நாக்குப்பூச்சின்னா என்னாம்மா?" என்று ரெஜினா சமையலறைப் பக்கம் கேட்டாள்.

"மழ பேஞ்சா வாசல்ல நெளிஞ்சிகினு கெடக்குமே, அதான். நீ சின்னப் புள்ளையில வெல்லமா தின்னுகினு இருந்தப்போ வயித்துலேர்ந்து வந்துதே, அதும்தான்."

"ரெண்டும் ஒண்ணா?"

"ரெண்டும் நெளியுது இல்ல?"

தமிழ்நிலா சிரித்துச் சிரித்து இருமினாள். "வேற வேற ஃபைலம்டி, இனமே வேற. உங்கம்மா ஒரே வார்த்தையில சம்பந்தி ஆக்கிட்டாங்க. போட்டோல இருக்கறது அஸ்காரிஸ். வயித்துப் பூச்சி."

ரெஜினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன தடவை மேசையில் இருந்ததும் இதேதான். பார்த்தவுடன் நாக்குப்பூச்சி என்று மனசு சொன்னது. கை மண்புழு என்று எழுதியது. அதற்கு மேல் எழுதிய அத்தனையும் மண்புழுவுக்கு ஒழுங்கான பதில்.

"நிஜமானதைப் பாத்தாதான் எனக்கு நிக்கும்" என்று எழுந்தாள். பின்பக்கக் குழாயடி ஈரத்தில் தோண்டினாள்.

"கொழம்புக் கரண்டிடி அது" என்றாள் லூசியம்மாள்.

பிடித்து வந்த புழுவைப் பிரவுன் ஷீட்டில் விட்டார்கள். ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு ரெஜினா காதைத் தாளருகே வைத்தாள். காகிதத்தில் உப்பு உதிர்வதுபோல ஒரு சத்தம். தமிழ்நிலாவும் மறுபக்கம் குனிந்தாள்.

"கேக்குதா?"

"கேக்குதுடி. மண்புழு உடம்புல இருக்கற குட்டிக் குட்டி முள்ளுதான் தாளை உரசுது. மூணு வருஷமா படிச்சேன், சத்தம் வரும்னு தெரியாது."

"ஃபேன நிறுத்திகினு ரெண்டு பேரும் புழுகிட்ட ஜெபமா கேட்டுகினு இருக்கீங்க?" என்றாள் லூசியம்மாள்.

ரெஜினா விரலால் பின்னிருந்து முன்னாகத் தடவினாள். சொரசொரப்பு. வளையம் வளையமாக உடம்பு, தலைப்பக்கம் ஒரு பட்டை. "அஸ்காரிஸுக்கு இது எதுவும் இல்ல, சரியா?"

"வழவழன்னு இருக்கும். வளையம் கிடையாது, பட்டை கிடையாது. ரெண்டு முனையும் கூர்."

"முள்ளு இல்லன்னா எதைப் பிடிச்சிகினு அது குடல்ல நிக்குது?"

"சிலபஸ்ல இல்லாதது எதுக்கு? பாதி பாட்டில் பாக்கி இருக்கு, படி."

பரீட்சைக்கு வெளிக் கல்லூரியிலிருந்து பன்னீர்செல்வம் என்ற பேராசிரியர் வந்திருந்தார். மேசையில் வெளிறிப்போன ஒரு புழு, பாட்டிலுக்குள். ரெஜினாவின் மனசு பழைய பெயரையே சொன்னது. பேனாவை மூடிவிட்டுக் குனிந்து பார்த்தாள். வளையம் இல்லை. பட்டை இல்லை. ஒரு முனை கொக்கிபோல வளைந்திருந்தது. ஆண். அஸ்காரிஸ் என்று எழுதினாள்.

"இது மண்புழு இல்லைன்னு எப்படிச் சொல்றே?" என்று வாய்மொழியில் அவர் கேட்டார். வரிசையாகச் சொன்னாள். தலையாட்டிக்கொண்டே மார்க் போட்டார்.

"சார், ஒண்ணு கேக்கலாங்களா? முள்ளு இல்லாம அது உள்ள எப்படிங்க நிக்குது?"

"வைவாவுல கேள்வி கேக்கறது நான்மா" என்றார். பேனாவை வைத்தார். "அது நிக்கறதில்ல. குடல்ல எல்லாம் கீழ்நோக்கிப் போய்க்கிட்டே இருக்கும். இது எதிர்த்து நீந்திக்கிட்டே இருக்கும். நீந்தறத விட்டா வெளியே வந்துடும்."

"அப்ப தூங்கவே தூங்காதுங்களா?"

அவர் பாட்டிலைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "தெரியலையேம்மா. நீ பாஸ்தான், கெளம்பு. அடுத்த ஆளை வரச்சொல்லு."

வாசலில் தமிழ்நிலா காத்திருந்தாள். "என்னடி ஆச்சு?"

"பாஸுன்னாரு" என்றாள் ரெஜினா. "ஆனா அது தூங்குமா தூங்காதான்னு அவருக்கே தெரியலடி."