நாற்காலியின் உயரம்

என் வீட்டுக்காரரைப் பட்டறையில் ஜாக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். லாரி டயரை ஒற்றை ஆளாகத் தூக்கி மாட்டுவார், அதனால் வந்த பெயர். ஒன்பது வருடமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். முதலில் பட்டறை போனது, பிறகு தொடைச் சதை போனது. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த வருடம்தான் ஒரு வழி பிறந்தது. அவருடைய தங்கை ஒரு கிட்னி தருகிறேன் என்று வந்து நின்றாள். எனக்கும் இந்த நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் அன்று அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். பரிசோதனையில் எல்லாம் பொருந்தியது. டாக்டர்தான் ஒரு நிபந்தனை போட்டார். மூன்று மாதம் கழித்து வரும்போது, கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும்.

"வருஷக்கணக்கா டயாலிசிஸ் பண்றவங்களுக்குத் தசை கரைஞ்சுடும்மா. அது இன்னும் போச்சுன்னா ஆபரேஷனைத் தாங்க மாட்டார். இங்க பயிற்சி அறை இருக்கு, தவறாம கூட்டிட்டு வாங்க."

இரண்டு வாரம் போனோம். வீட்டிலும் தினமும் காலையில் எழுந்து உட்காருவார், நான் எண்ணுவேன். மூன்றாவது வாரம் ஒருநாள், மூன்று முறை எழுந்தவருக்கு நாலாவது வரவில்லை. கால் வெடவெடவென்று நடுங்கி, தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் அவர் டயாலிசிஸில் இருந்தபோது, நாற்காலிக் குஷனுக்கு அடியில் ஒரு விரல் கனத்துக்குப் பலகை வைத்து, எழ வசதியாக உயரத்தைக் கூட்டி, மேலே துணி போட்டு மூடினேன். அடுத்த காலை ஐந்து முறையும் எழுந்தார். "பாத்தியா, ஜாக்கி இன்னும் துருப்பிடிக்கல!" என்று ஒரே சிரிப்பு. நான் பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சில வாரத்தில் மறுபடி கால் நடுங்கியது. இரண்டாவது பலகை வைத்தேன். பிறகு மூன்றாவது, நாலாவது. பாதம் ஏற்கெனவே பாதி மரத்துப் போயிருந்ததால் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"அஞ்சும் எழுந்துக்கறேன். அப்புறம் எதுக்கு அந்த ரூமுக்கு வேற போய்க் குட்டிக்கரணம் போடணும்?" என்று முதல் பலகை வைத்த வாரமே சொன்னார்.

நானும் சரி என்றேன். அவருக்காக மட்டும் இல்லை, அலைந்து அலைந்து எனக்கும் அலுத்துப் போயிருந்தது. பயிற்சி கொடுக்கும் பெண் போனில் கேட்டால், "அஞ்சும் எழுந்துக்கறார்மா" என்பேன். கண்ணால் பார்த்ததைத்தானே சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த நாள் வந்தது. நாத்தனார் இரண்டு மாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்தாள். டாக்டர் சுவரோரம் கிடந்த நாற்காலியைக் காட்டினார். இவர் எனக்குக் கண்ணடித்துவிட்டு உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, முன்னால் சாய்ந்தார். உடம்பு நகரவில்லை. மறுபடி முயன்றார். மூன்றாவது தடவை இடுப்பு கொஞ்சம் எழும்பி, டாக்டர் கையிலேயே சரிந்தார்.

"வீட்ல எழுந்துக்கறேன் டாக்டர். சத்தியமா. இவளைக் கேளுங்க!"

டாக்டர் அவர் காலை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. "இது சதை இல்லம்மா, தண்ணி. இந்த உடம்புல கத்தி வைக்க மாட்டேன். அப்பவே பயிற்சிக்கு வந்திருந்தா பிடிச்சு நிறுத்தியிருக்கலாம். இனிமே திரும்ப வர்றது ரொம்பக் கஷ்டம்."

"அண்ணி, தினமும் எழுந்துக்கறார்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் நாத்தனார்.

சொல்லாமல் எங்கே போவேன்?

"குஷனுக்கு அடியில பலகை வெச்சேங்க" என்றேன் அவரிடம்.

"எத்தனை?"

"நாலு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் இரண்டு கையாலும் தொடையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"மொதப் பலகைய வெச்சியே," என்றார், "அப்ப எனக்கு மூணு தரம் எழுந்துக்க முடிஞ்சுதுடி."