சுவரோரம் விழாதவன்

பெயிண்டரின் உடம்பை எடுத்த இடத்தில் ஈரம் காய்வதற்குள் அக்கம்பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது: குதித்துவிட்டான். அந்தப் பாழாய்ப்போன வாய்களுக்குத் தீனி போட்டவர் கட்டட இன்ஜினியர். நல்ல மனிதர்தான். பெயிண்டரின் மனைவியிடம் பதமாகத்தான் சொன்னார்.

"பூமி கீழதான்மா இழுக்கும், பக்கவாட்டுல இழுக்காது. கால் தவறியிருந்தா சுவரோரமா விழுந்திருப்பாரு. செடியெல்லாம் தாண்டி ரோட்டுல கிடந்தாருன்னா, அவரே எகிறியிருக்கணும். அந்த உதையிலதான் அவரு நின்னு பெயிண்ட் அடிச்ச தொங்குற பலகையும் சாஞ்சிருக்கு."

அவள் அதை நம்பினாள். அவன் விழுந்த அன்று காலையில் அவள் பேசிய பேச்சு அவளுக்கு மட்டும்தானே தெரியும். டப்பாவைத் திறந்து பெயிண்ட்டைக் கலக்கிப் பார்த்த மனுஷன், அதே வெள்ளைக் கையைப் புது ஃபிரிட்ஜ் கதவில் அப்பிவிட்டான். "எங்கயாவது போய்த் தொலைங்க! என் கண்ணுல முழிக்காதீங்க!" என்று கத்தினாள். அவன் வழக்கம்போல் பல்லைக் காட்டிவிட்டுப் போனான். அவள் அந்தக் கைத்தடத்தைத் தேய் தேய் என்று தேய்த்து எடுத்தாள். மத்தியானம் சேதி வந்தது.

பலகையில் அவனோடு நின்றிருந்தவன் அவள் தம்பி. அவனைக் கேட்டால், "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லக்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளும் தோண்டித் துருவவில்லை. பயம்.

அழுது ஓய்ந்து ஒருநாள் வேலைக்குத் திரும்பினாள். ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற கூடம் அது, தரையெங்கும் சோப்புத் தண்ணீர். ஈர விரிப்புகள் குவிந்த தள்ளுவண்டியை மூச்சைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள். வண்டி முன்னால் போனது, அவள் பின்னால் வழுக்கிப் போய்த் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"வண்டியத் தள்ளுடின்னா நீ ஊர்வலம் போறியே!" என்று கூட வேலை செய்கிறவள் சிரித்தாள்.

அவள் எழுந்திருக்கவில்லை. அந்த மனுஷன் எகிறவே வேண்டாமே, எதையாவது பலமாகத் தள்ளியிருந்தாலே போதுமே! பலகையில் தள்ளுவதற்கு என்ன இருந்தது? தம்பி இருந்தான்.

நனைந்த புடவையோடு தம்பியின் அறைக்கு ஓடினாள். "மாமா உன்னைத் தள்ளினாராடா?"

"பலகை திடீர்னு ஆடுச்சுக்கா. திரும்பறதுக்குள்ள நெஞ்சுல ஓங்கித் தள்ளினாரு. திறந்திருந்த ஜன்னல் வழியா உள்ள போய் விழுந்தேன். எழுந்து பார்த்தா அவரு இல்ல. நான் பிடிச்சுடுவேன்னு என்னை ஒதுக்கிட்டுக் குதிச்சிட்டாருன்னு நினைச்சேன். அதை உன்கிட்ட எந்த வாயால சொல்வேன்?"

மெத்தைக்கு அடியிலிருந்து, அன்று போட்டிருந்த சட்டையை எடுத்துக் காட்டினான். மார்பில் இரண்டு வெள்ளைக் கைகள், பத்து விரலும் விரிந்தபடி.

"மடையா! பலகை சாயறதைப் பார்த்துட்டு உன்னை உள்ள தள்ளியிருக்காருடா. உன்னை உள்ள அனுப்பின தள்ளுதான் அவரை அந்தப் பக்கம் கொண்டுபோயிருக்கு. குதிக்கலடா! நான் சொன்னதுக்காக அவரு சாகல!" அழுகையும் சிரிப்புமாய்ச் சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டாள். எத்தனை நாள் பாரம்! அப்பாடா என்று இருந்தது.



"அப்போ, நான் உள்ள வந்ததுக்குத்தான் அவரு வெளிய போனாராக்கா?"

அட பாவி மகளே, இதை யோசிக்கவில்லையே! தன் நெஞ்சிலிருந்து இறக்கிய பாரத்தை அவள் நேராக அவன் தலையில் போட்டிருந்தாள். அவன் எழுந்து கதவுப் பக்கம் போனான்.

அவள் பாய்ந்து போய் அவன் போட்டிருந்த சட்டையை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள்.

"எங்கயும் போகாதடா," என்றாள். "என் கண்ணு முன்னாடியே இரு."