இருளம்மாள் நேர்ந்த சேலை

மகன் செல்லப்பாண்டி பட்டாளத்திலிருந்து லீவில் வந்த இரண்டாம் நாள், அவன் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே இருளம்மாள் அந்தச் செய்தியைச் சொன்னாள். டிசம்பரில் எல்லையில் நடந்த சண்டையின்போது நாற்பது நாள் மகனிடமிருந்து கடுதாசி இல்லை. அப்போது முத்தாலம்மனுக்கு நேர்ந்துவிட்டாளாம். கை கால் முழுசாக வந்து சேர்ந்தால், செல்லப்பாண்டி சேலை கட்டி, தீச்சட்டி ஏந்திக் கோயிலைச் சுற்றி வருவான் என்று.

“வர்ற செவ்வாக்கெழம கோயில் பொங்கலுய்யா. ஒனக்கு லீவும் தோதா வந்திருக்கு. எல்லாம் அவ பார்த்துச் செய்யிறது.”

செல்லப்பாண்டி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

உத்தமபாளையத்துக்குக் கிழக்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. வருஷா வருஷம் ஐந்தாறு ஆம்பளைகள் சேலை கட்டி நேர்த்தி செலுத்துவார்கள். பெண்டாட்டியின் கிழிந்த சேலையைச் சுற்றிக்கொண்டு, மாரில் தேங்காய்ச் சிரட்டையைக் கட்டிக்கொண்டு, இடுப்பை ஒடித்து நடந்து, டீக்கடைக்காரர் மடியில் போய் உட்காருவார்கள். மீசையைக்கூட எடுக்க மாட்டார்கள். ஊர் வயிறு வலிக்கச் சிரிக்கும். மறுநாள் அவரவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார்கள். வேஷம் வேஷமாக இருக்கிற வரைக்கும் அந்த ஊரைப் போல் தாராளமான ஊர் கிடையாது.

செல்லப்பாண்டிக்கு அது வேஷமில்லை. வினையே அங்கேதான். தான் ஒரு பெண் என்பது ஏழு வயதிலிருந்து அவனுக்குத் தெரியும். ஊர் வழக்கப்படி அவன் என்றே சொல்லி வைப்போம். யாரிடமும் வாய் திறந்ததில்லை. பதினெட்டு வயதில் பட்டாளத்துக்கு ஓடியதே அதைப் பூட்டி வைக்கத்தான். பூட்டு ஒன்பது வருஷம் தாங்கியது. இதில் வேடிக்கை என்னவென்றால், பட்டாளம் அவனுக்கு உண்மையாகவே பிடித்துப் போனது. கம்பெனியில் அவனை மிஞ்சிச் சுட ஆள் இல்லை. நாயக் ஆகிவிட்டான். இன்னும் மூன்று மாதத்தில் அவில்தார் என்று சுபேதாரே சொல்லியிருந்தார். அதை விட்டால் உலகத்தில் அவனுக்கென்று வேறு இடமில்லை.

சாயங்காலம் கர்ணன் வந்தான். அனுமந்தன்பட்டிக்காரன், அதே பிளட்டூன், அவனும் லீவில் இருந்தான். சண்டையில் தொடையில் குண்டு பட்டு வாய்க்காலில் கிடந்தவனை, இரண்டு மைல் தோளில் போட்டுத் தூக்கி வந்தவன் செல்லப்பாண்டி. அன்றிலிருந்து கர்ணனுக்கு அவன் கூடப் பிறந்தவன் மாதிரி.

நேர்த்தியைக் கேட்டதும் கர்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“சேலையிலயா? ஏலே, மொத ஆளா வந்து நிப்பேன் பாரு.” சிரிப்பு அடங்குவதற்குள், “நம்ம பிளட்டூன்ல ஒருத்தன் இருந்தானே, வளையல்காரன். நெனப்பு இருக்கா?” என்றான்.

நினைப்பு இல்லாமலா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் டிரங்குப் பெட்டிகளைச் சோதனை போட்டபோது, வடக்கத்திச் சிப்பாய் ஒருவனின் பெட்டியில் ஒரு சேலையும் கண்ணாடி வளையல்களும் இருந்தன. அன்று பேரக்ஸில் பெரிய வாதம். நன்றாகச் சுடுகிறான், சொன்ன வேலையைச் செய்கிறான், அப்புறம் என்ன என்று கேட்டார் மூத்த சிப்பாய் ஒருவர். சுடுவான் சரி, பக்கத்துக் கட்டிலில் யார் படுப்பது என்று மடக்கினான் இன்னொருவன். ஆளாளுக்குக் கருத்துச் சொன்னார்கள். எல்லாரையும் விடச் சத்தமாக, “அனுப்பிரணும்” என்று சொன்னவன் செல்லப்பாண்டி. பயம் அவனை அப்படிப் பேச வைத்தது. வளையல்காரனை ரயிலேற்றிவிட்டார்கள். ஊர் போய்ச் சேரவே இல்லை என்று அவன் அப்பாவிடமிருந்து பிறகு ஒரு கடிதம் வந்தது.

செவ்வாய்க்கிழமைக்குள் செல்லப்பாண்டி ஒரு முடிவுக்கு வந்திருந்தான். மற்ற எல்லாரையும் விட மோசமாகக் கூத்தடித்துவிட வேண்டும். இரண்டு சிரட்டைகளைத் துளை போட்டுக் கயிறு கோத்து வைத்தான்.

இருளம்மாள் அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள்.

“ஆத்தாளுக்கு அரகொறையாச் செய்யப்படாது. மீசைய எடுத்துட்டு வா.”

பெட்டியிலிருந்து புதுச் சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்தாள். மஞ்சளில் சிவப்புக் கரை. அதற்கேற்ற ஜாக்கெட்டும் இருந்தது. அவனுடைய பழைய சட்டையை அளவுக்குக் கொடுத்து உத்தமபாளையத்தில் தைத்து வாங்கியிருந்தாள். போட்டான். கச்சிதமாக இருந்தது. கொசுவம் வைத்து, பூ வைத்து, பொட்டிட்டு, கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். இருபது வருஷமாகக் காணாமல் போயிருந்த முகம் அதில் இருந்தது. அவனுக்குச் சந்தோஷம் பொங்கியது. அப்படி ஒரு சந்தோஷம் தன்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று பயமாகவும் இருந்தது.

தெருவில் இறங்கும்போது இடுப்பை ஒடிக்க வேண்டும் என்று நினைவு இருந்தது. கொட்டுச் சத்தத்தில், சட்டியின் அனல் முகத்தில் அடித்தபோது, அந்த நினைவு போய்விட்டது. தலை நிமிர்த்தி, நிதானமாக, தன் நடையிலேயே நடந்தான். முதலில் பயல்கள் சீட்டி அடித்தார்கள். பத்தடி போவதற்குள் சீட்டி நின்றது. சிரிப்பும் நின்றது. கோயில் முக்கில், வெளியூரிலிருந்து வந்த யாரோ ஒருத்தி, “வழி விடுங்கப்பா, பொம்பளப் பிள்ள சட்டியோட வருது” என்று கூட்டத்தை விலக்கினாள். யாரும் அவளைத் திருத்தவில்லை.

கர்ணன் வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் புதர் அசைந்தால் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு பார்ப்பானே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் கறிச்சோறு. செல்லப்பாண்டி உள்ளே சேலையை அவிழ்த்துவிட்டுச் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். வெளியே கர்ணனுக்கு இலை போட்டு, இருளம்மாள் பேசிக்கொண்டே பரிமாறினாள்.

“ஒங்கிட்டச் சொல்றதுக்கு என்னய்யா, நீயும் எம் பிள்ளதான். சின்னதுலயே எஞ் சேலையக் கட்டிக்கிட்டுக் கதவச் சாத்திக்கிட்டு நிப்பான். பெத்தவளுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும்னு அவனுக்குத்தான் தெரியாது. அதான் ஆத்தாகிட்ட மடியேந்தினேன். உசுர மட்டும் குடுத்துரு, அவன் மனசு கேக்குறத ஒரு நாளு நானே கட்டி விடுறேன்னு. அங்கன அவனுக்கு ஒன்ன விட்டா யாரு இருக்கா? நல்லாப் பார்த்துக்கய்யா.”

பொத்தான் போடாத சட்டையோடு செல்லப்பாண்டி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். இத்தனை வருஷம் அவள் தெரிந்தே சோறு போட்டிருக்கிறாள். ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவள் வாயை அடைக்க வேண்டும் போலவும் இருந்தது.

கர்ணன் பாதி இலையில் எழுந்து கை கழுவினான்.

வாய்க்கால் கரையில் செல்லப்பாண்டி அவனை எட்டிப் பிடித்தான். கர்ணன்தான் முதலில் பேசினான்.

“நான் நாளைக்குக் கெளம்புறேன். போன ஒடனே சுபேதார்கிட்டச் சொல்லணும்.”

“என் வேலையில என்னலே கொற? ஒன்பது வருசத்துல ஒரு சொல்லு வாங்கிருக்கனா?”

“வேலையில கொற இல்ல.”

“பெறகு? ஒன்னயத் தூக்கியாந்தது இந்தத் தோளுதானே?”

“அதாம்லே ஒடம்பு கூசுது” என்றான் கர்ணன். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. கோபமா, வெட்கமா, அவனுக்கே தெரிந்திருக்காது. “வளையல்காரன அனுப்பிரணும்னு சொன்னது யாரு? நீதானே? அவனுக்கு ஒரு ஞாயம், ஒனக்கு ஒரு ஞாயமா?”

அந்தக் கேள்வியைச் செல்லப்பாண்டி இரண்டு வருஷமாகத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தான். கர்ணன் திரும்பிப் பார்க்காமல் பஸ் ரோட்டுக்கு ஏறிப் போனான்.

கர்ணன் போன பன்னிரண்டாம் நாள் காலை தந்தி வந்தது. லீவு ரத்து, உடனே வந்து சேரவும். தந்திச் சேவகர் அதைப் படித்துச் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்புவதற்குள் இருளம்மாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“மறுபடியும் சண்ட வந்திருச்சாய்யா?”

செல்லப்பாண்டி உடுப்பை மாட்டிக்கொண்டு, பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். போகாமல் இருக்கலாம். போகாவிட்டால் ஓடிப்போனவன் என்று போலீஸ் இந்த வாசலுக்கு வரும், அவளைக் கேள்வி கேட்கும்.

“ஆமாத்தா.”

“இந்தத் தடவ யாரோட?”

“நம்ம ஆளுகளோடதான்” என்றான்.

அவளுக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் பிள்ளைக்குப் பசிக்கும் என்பது தெரியும். எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழிக்குப் புளிச்சோறு கட்ட உள்ளே போனாள்.